புரத மாடலில் முதலில் நிறத்தைப் பாருங்கள்

காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவோமா? ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ நிரல் கணித்துத் தரும் புரத வடிவத்துக்கும் அதே சோதனை உண்டு. தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பயோடெக் முதலாமாண்டு. இன்சுலின் படத்தை அப்படியே ரெக்கார்டு நோட்டில் ஒட்டப் போனாள். "இரும்மா, நிறத்தைப் பார்த்தியா?" என்றேன்.

ஒவ்வொரு பகுதியையும் எவ்வளவு நம்பலாம் என்று நிரலே 100க்குப் போடும் மதிப்பெண்ணைத்தான் நிறம் காட்டுகிறது. கரும்நீலம் என்றால் அந்த நம்பிக்கை மதிப்பெண் 90க்கு மேல். வெளிர்நீலம் 70 முதல் 90. மஞ்சள் வந்தால் உஷார். ஆரஞ்சு, 50க்கும் கீழே. ஆனால் ஆரஞ்சு எல்லாமே தவறு என்றில்லை. அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இல்லாமல் அவிழ்ந்த நூல்போல ஆடிக்கொண்டும் இருக்கலாம்.

இன்சுலினில் இன்னொரு சிக்கல். ஆல்ஃபாஃபோல்டு படத்தில் தெரிவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட, வெட்டப்படாத நீளம். உடம்பு அதை நறுக்கிய பிறகு வேலை செய்வது 51தான், 21ம் 30ம் கொண்ட இரண்டு சங்கிலிகளாக. அதனால் பிடிபி (புரோட்டீன் டேட்டா பேங்க்) தளத்தில் சோதனைமுறையில் கண்டறிந்த வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதையே எடுங்கள். அங்கே 'ரெசல்யூஷன்' எண், அதாவது படத்தில் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய இடைவெளி, சிறியதாக இருந்தால்தான் படம் தெளிவு. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.