ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் போகும் முன்: வாளித் தண்ணீரில் முதலில் உங்கள் கை

சிங்கப்பூரில் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுவரில் இரண்டு பெரிய பாதங்கள். கட்டைவிரலில் மூளை, நடுப் பாதத்தில் சிறுநீரகம், குதிகாலில் இடுப்பு என்று கலர் கலராகப் படம். கீழே சாய்வு நாற்காலிகள். கிடங்கு வேலையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்துப் போய் ஒருநாள் நானும் அப்படி ஒரு ரிஃப்ளெக்ஸாலஜிக் கடையில், அதாவது பாதத்தை அமுக்கி உடம்பு உறுப்புகளைச் சரியாக்குவதாகச் சொல்லும் கடையில், உட்கார்ந்தேன். சுகமாக இருந்ததால் அப்புறம் அம்மாவையும் கூட்டிப் போனேன். இரண்டு தடவையும் தப்புச் செய்தேன்.

படி 1: அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சீனாவில் காலைப் பிடித்துவிடும் பழக்கம் பழையதுதான். ஆனால் உறுப்புகளைப் பாதத்தில் பிரித்துக் காட்டும் ரிஃப்ளெக்ஸாலஜிப் படம் அவ்வளவு பழையதல்ல. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்துப் பட்டைகளாகப் பிரித்தார். அதைப் பற்றி 1917இல் இன்னொருவருடன் சேர்ந்து புத்தகம் எழுதினார். 1930களில் யூனிஸ் இங்கம் என்ற அமெரிக்கப் பெண்மணி அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து உறுப்பு உறுப்பாகக் குறித்தார். அவ்வளவுதான்.

வேலை செய்கிறதா? மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் 18 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். எந்த நோயையும் இது குணப்படுத்தும் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றார். உடம்பு தளர்ந்து மனம் அமைதியாவது வேறு விஷயம். அது எனக்கே நடந்தது. ஆகவே துணை சிகிச்சை என்றால் துணைதான். சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ இதற்காக ஒருவேளைகூட விடக்கூடாது.

படி 2: கால் வலித்தால் உறுப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்

முதல் தப்பு இங்கேதான். பாதத்தின் நடுவில், முன்பாத மேட்டுக்குக் கொஞ்சம் கீழே, கடைக்காரர் மரக்குச்சியின் முனையை வைத்து அமுக்கினார் பாருங்கள், நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். "இங்க வலிக்குதா? கிட்னி வீக்" என்றார். பிறகு கட்டைவிரலால் தேய்த்து, "மணல் மாதிரி நரநரங்குது, அதெல்லாம் கழிவு" என்றார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. (அமுக்கும்போது அவரே "உங்களுக்குத் தூக்கம் சரியில்லை" என்றும் சொல்லியிருந்தார். அது மட்டும் பலித்துவிட்டது.)

மறுவாரம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இரத்தம், சிறுநீர் இரண்டும் சோதித்தார்கள். சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. மருத்துவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஷூ எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டார். வேலையிடத்தில் புதிதாகக் கொடுத்த பாதுகாப்புக் காலணி, உள்ளே அட்டை மாதிரி. மெத்தென்ற உள்பட்டை ஒன்று வாங்கிப் போட்டேன், வலி போயிற்று.

பாதத்தின் அந்த இடத்தில் யார் குச்சியால் குத்தினாலும் வலிக்கும். அதை வைத்து நோய் சொல்ல முடியாது. முடிந்ததும் "நிறையத் தண்ணி குடிங்க, நச்சு வெளியேறும்" என்பார்கள். தாகம் என்றால் குடியுங்கள். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

படி 3: வாளி

இதை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. கடையில் முதலில் மூலிகை போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார்கள். அம்மா இரண்டு காலையும் வைத்துவிட்டுச் சுவரில் ஓடிய சீன நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடா இருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா, இதமாத்தான் இருக்கு" என்றார். ஏதோ தோன்றிச் சும்மா விரலை விட்டேன். சுரீர் என்றது, உடனே இழுத்துக்கொண்டேன். அம்மாவின் காலை வெளியே எடுத்தபோது கணுக்கால் வரை செக்கச்செவேல் என்று கோடு போட்ட மாதிரி இருந்தது. நல்லவேளை, கொப்புளம் வரவில்லை.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீரிழிவு இருப்பதை நான் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாத நரம்பு மரத்துப்போகலாம், அப்படி ஆனால் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது, முள் குத்தினால்கூடத் தெரியாது. "வலிச்சா சொல்லுங்க" என்று கேட்பதில் பயனே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வலிக்காது.

ஆகவே நீரிழிவு உள்ளவரைக் கூட்டிப் போகும் முன், ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பாதப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். தாதி ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்பார். இழை வளையும்போது அதன் அழுத்தம் 10 கிராம்தான். அது தெரியவில்லை என்றால் குச்சி, வெந்நீர் இரண்டுமே வேண்டாம். நீரிழிவு இருந்தால் காலை ஊறவைக்கவே வேண்டாம் என்பதுதான் தாதி எங்களுக்குச் சொன்னது. விரலிடுக்கில் ஈரம் தங்கித் தோல் வெடித்தால் கிருமி நுழைய வழியாகிவிடும்.

படி 4: யாருக்கு வேண்டாம்

பாதத்தில் புண், சமீபத்திய எலும்பு முறிவு, கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) வலி உச்சத்தில் இருக்கும் நேரம், சேற்றுப்புண்: இவை ஆறும்வரை போகாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அங்கே அமுக்க விடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

படி 5: கடை

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உடம்புப்பிடிப்பு நிலையங்களுக்கு உரிமம் தருவது காவல்துறை. அந்தத் தாளை வைத்து, அமுக்குபவருக்கு மருத்துவம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் பதிவு செய்திருக்க வேண்டும். பாதம் அமுக்குபவர்களுக்கு அப்படி ஒரு மருத்துவப் பதிவு இல்லை.

என் விருப்பம் சொல்கிறேன். குச்சி வேண்டாம், கட்டைவிரல் போதும். எண்ணெயைவிட கிரீம் நல்லது, எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் வழுக்காது. வாளிக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளாஸ்டிக் உறை போடுகிறார்களா என்று பாருங்கள். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டும் பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கடை மூடினால் உங்கள் பணமும் அதோடு போகும்.

இரண்டு சீனச் சொல் போதும். "தொங்" என்றால் வலி. "ச்சிங் யி தியென்" என்றால் கொஞ்சம் மெதுவாக. நான் முதல் தடவை வெட்கப்பட்டு அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் பாதத்தில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

பிற்சேர்க்கை 1: வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் ஒருவர், தான் போகலாமா என்று கேட்டிருந்தார். எளிதில் கன்றும், ஆகவே முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் அப்படியே.

பிற்சேர்க்கை 2: "அடுக்குமாடி புளோக்குக் கீழே இருக்கும் கூழாங்கல் பாதையில் இலவசமாக நடந்தால் போதாதா?" என்று இன்னொருவர். உங்களுக்குச் சர்க்கரை இல்லை, பாதம் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாக நடக்கலாம். முதல் வாரம் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், மழைக்குப் பிறகு வழுக்கும். மரத்துப்போன காலோடு அங்கே வெறுங்காலில் நடக்கவே கூடாது. அம்மா இப்போது சாயங்காலம் அந்தப் பாதைக்குப் பக்கத்து பெஞ்சில் செருப்போடு உட்கார்ந்து, நடப்பவர்களை எல்லாம் "சாக்ஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.