ஊசலை முதலில் திரையில் ஆட்டாதீர்கள்

பள்ளிகளிலும் டியூஷன் நிலையங்களிலும் இயற்பியல் கற்பிக்க வரும் இளையர்கள் முதலில் தேடுவது சோதனையைக் கணினித் திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேஷனைத்தான். இலவசம், உடையாது, ஆய்வுக்கூடத்துக்கு முன்பதிவு வேண்டாம். நானும் அந்த வழியில் வந்தவன் என்பதால் அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிகிறது. இணையம் அறுந்துபோவது, ஐபேடில் சார்ஜ் இல்லாதது போன்ற சங்கடங்களை அவர்களே சமாளித்துக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடையைக் காட்டிவிட்டுச் சோதனைக்கு அனுப்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். உயர்நிலை மூன்று வகுப்பு, தனி ஊசல் (நூலில் கட்டி ஆடவிடும் குண்டு). முதல் நாள் ஆசிரியர் திரையில் ஓட்டிக் காட்டினார். புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று பிசிறில்லாமல் வந்தது. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் 50 செ.மீ. ஊசல், 20 அலைவு (போய்த் திரும்பினால் ஓர் அலைவு). ஒரு மாணவி ஸ்டாப்வாட்சைப் பார்த்து 26.9 விநாடி என்று எழுதினாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, "28.4 வரணும், நேத்துப் பார்த்தோமே" என்றான். உடனே அழித்துவிட்டு 28.4 என்று எழுதினாள். ஆசிரியர் சரி போட்டுவிட்டுப் போனார்.

அழிந்துபோன அந்த 26.9-இல்தான் பாடமே இருந்தது. குண்டை விட்ட கணமே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால், 20 என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவு. 50 செ.மீ. ஊசலுக்கு அது ஏறக்குறைய 27 விநாடி. கணக்கைத் தொடர்ந்திருந்தால் முடுக்கம் 10.9 என்று வந்திருக்கும். ஏன் என்று குடைந்திருப்பாள். சுழியிலிருந்து எண்ணவேண்டும் என்பது ஆயுசுக்கும் மறந்திருக்காது.

இன்னொரு பிழையும் இப்படித்தான் மறைகிறது. நீளத்தை முடிச்சு வரை அளந்துவிட்டு, குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விடுவது எல்லா வகுப்பிலும் நடக்கும். அலைவுக் காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், கோட்டின் சரிவு மாறாது. கோடு மட்டும் ஆதிப்புள்ளிக்குச் சற்று மேலே அச்சை வெட்டும். திரையில் ஆதிப்புள்ளி வழியாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் கோட்டை வம்பாக அங்கே இழுக்கிறார்கள். நன்றாக இருந்த சரிவும் கெடுகிறது.

சிங்கப்பூரின் சாதாரண நிலை (O-Level) இயற்பியல் தேர்வில் செய்முறைத் தாளுக்கு 20 விழுக்காடு. அது அளவீட்டையும், வரைபடத்தையும், பிழை எங்கிருந்து வந்தது என்ற யோசனையையும் சோதிக்கிறது.

முதலில் கை, பிறகு திரை. அளவுகளைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். தவறானதைக் கோடிட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் முடியாததைத் திரையிடம் கேளுங்கள். நிலாவில் முடுக்கம் 1.62; அதே ஊசலின் 1.4 விநாடி அங்கே 3.5 ஆகும். அதை முன்கூட்டியே கணித்துவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும்.

மின்சுற்றுக்கும் இதே விதியைப் போடுவது

அங்கே தலைகீழ். மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாது, திரையில் தெரியும். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் திட்டம். அதன் சிமுலேஷனை வைத்து 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. திரையில் பழகிய பல்கலைக்கழக மாணவர்கள், கருவிகளோடு பழகியவர்களைவிட நிஜச் சுற்றை அமைத்து விளக்குவதில் தேறினார்கள். சிமுலேஷன் என்றாலே முகம் சுளிக்கும் மூத்த ஆசிரியர்களிடமும் இதைச் சொல்வதுண்டு, கேட்பதாக இல்லை.

ஆனால் திரையில் பேட்டரிக்குப் பெரும்பாலும் உள்தடை, அதாவது அதற்குள்ளேயே உள்ள மின்தடை, இருக்காது. நிஜத்தில் பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதலாவது கொஞ்சம் மங்கும். "பேட்டரி கெட்டுப்போச்சு சார்" என்பார்கள். அவசரப்பட்டு மாற்றிக் கொடுக்காதீர்கள்.

ப்ரொஜெக்டரில் நீங்களே ஓட்டுவது

மவுஸைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

திரை எண்களைச் சோதனை அட்டவணையில் சேர்ப்பது

கூடவே கூடாது. தனித் தாள், தனித் தலைப்பு.