திரையரங்குச் சுவருக்கு ஒலி உறிஞ்சும் டைல் வடிவமைப்பது எப்படி

ஒலி டைலின் பலனைத் தீர்மானிப்பது அதன் ஆழம். டைலின் முகப்பு, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தாழ்ந்த ஒலியையும் அது பிடிக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, கால் அலைநீளம் தள்ளித்தான் அதிகம் அசைகிறது. உறிஞ்சும் பொருள் இருக்க வேண்டிய இடம் அது. 25 மி.மீ. டைலைச் சுவர் முழுக்க நேராக ஒட்டினால் மேல் அலைவரிசை செத்து, வசனம் மங்கி, அடிஒலி மட்டும் குமுறிக்கொண்டே இருக்கும். திரையரங்குகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

முதலில் கணக்கு. 18 மீ. நீளம், 12 மீ. அகலம், 7 மீ. உயரமுள்ள அரங்கின் கொள்ளளவு 1512 கன மீட்டர். எதிர்முழக்க நேரம் (ஒலி நின்ற பின் அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) 0.5 நொடி வேண்டுமானால், சபைன் சூத்திரப்படி (0.161 × கொள்ளளவு ÷ நேரம்) 487 ச.மீ. உறிஞ்சல், அதாவது படும் ஒலி முழுவதையும் விழுங்கும் பரப்பு, தேவை. ஆனால் உறிஞ்சல் மிகுந்த அரங்கில் சபைன் சூத்திரம் நேரத்தைக் கூட்டிக் காட்டும். அதை நம்பினால் தேவைக்கு மேல் டைல் மாட்டிவிடுவோம். இங்கே ஏரிங் சூத்திரமே சரி. அதன்படி 371 ச.மீ. போதும். கூரை, கம்பளம், இருக்கை, திரைக்குப் பின்னுள்ள சுவர் எல்லாம் சேர்ந்து 230 எடுத்துக்கொண்டால் மிச்சம் 141. உறிஞ்சல் குணகம் (படும் ஒலியில் விழுங்கும் பங்கு) 0.85 உள்ள டைல் 166 ச.மீ. வேண்டும், அதாவது 600 மி.மீ. சதுர டைல் ஏறக்குறைய 460. இந்தக் கணக்கை 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) தனித்தனியாகப் போட வேண்டும். 500 ஹெர்ட்ஸில் மட்டும் போட்டு நிறுத்துவது ஆபத்து.

அடிப்படை டைலுக்கு மரச்சட்டம், 50 மி.மீ. கிளாஸ் வூல் எனும் கண்ணாடி இழைப் பஞ்சு (கன மீட்டருக்கு 48 கிலோ), அதன் பின்னால் 50 மி.மீ. காற்று இடைவெளி, மேலே துணி. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும். ரெக்ஸின், நுரை ஒட்டிய துணி எதுவும் ஆகாது. பசையைத் துணி முழுக்கத் தடவாமல் சட்டத்தில் மட்டும் தடவுங்கள், இல்லையென்றால் நுண்துளைகள் அடைபடும். துணி தீத்தடுப்புச் சான்று பெற்றதாக இருக்கட்டும். தீத்தடுப்புச் செய்யாத பாலியூரித்தேன் நுரையை அரங்கிற்குள்ளேயே கொண்டுவராதீர்கள்: வேகமாக எரிந்து நச்சுப்புகை கக்கும். நிறம் அடர்த்தியாகவும் மினுக்கமில்லாமலும் இருந்தால்தான் திரையின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பாது.

அடிஒலிக்குத் துளைப்பலகை டைல். 12 மி.மீ. பிளைவுட்டில் 6 மி.மீ. துளைகளை 24 மி.மீ. இடைவெளியில் சதுரக் கட்டமாகப் போட்டால் திறப்பு 5 சதவீதம். பின்னால் 100 மி.மீ. ஆழத்துக்கு மூடிய காற்றறை விட்டால் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸில் வேலை செய்யும். இடைவெளியை 53 மி.மீ. ஆக்கினால் திறப்பு 1 சதவீதமாகி 130 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். துளைகளை ஒட்டிப் பின்புறம் கிளாஸ் வூல் வையுங்கள். இல்லையென்றால் மிகக் குறுகிய அலைவரிசையில் மட்டும் உறிஞ்சும். காற்றறையின் ஓரங்களில் காற்று கசிந்தால் கணக்கு மொத்தமும் தப்பும்.

மாட்டும் இடத்தில் பின்சுவருக்கே முதலிடம். திரையிலிருந்து 4 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு, பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 28 மீட்டர் கூடுதலாகப் பயணித்து 82 மில்லிநொடி தாமதமாக வருகிறது. 50 மில்லிநொடியைத் தாண்டினால் காது அதைத் தனி எதிரொலியாகக் கேட்கும். அங்கே 100 மி.மீ. கிளாஸ் வூலும் 100 மி.மீ. இடைவெளியும் கொடுங்கள்.

பக்கச் சுவர்களில் இடம் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடியும் விளக்கும் போதும். திரையில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் விளக்கை வைத்து, ஒருவர் இருக்கையில் அமர, மற்றவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். விளக்கு தெரியும் புள்ளியில் டைல் வேண்டும். நடு இருக்கை, ஓர இருக்கை, கடைசி வரிசை மூன்றிலும் செய்யுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒரு பக்கம் டைல் இருக்கும் இடத்துக்கு நேரே மறுபக்கம் வெற்றுச் சுவர் வரும்படி மாற்றி அமைத்தால், கைதட்டும்போது கேட்கும் படபடப்பு எதிரொலி ஓயும்.

பாதி டைல்கள் ஏறியதும் நிறுத்தி எதிர்முழக்க நேரத்தை அளந்து பாருங்கள். மேல் அலைவரிசை ஏற்கெனவே இலக்கைத் தொட்டு 125 ஹெர்ட்ஸ் மட்டும் நீண்டால், மீதி எல்லாம் துளைப்பலகையாக மாறட்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து, கடைசியில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெதுவாக ஏற்றி, எந்த டைல் கிடுகிடுக்கிறது என்று சுவர் நெடுகக் கை வைத்துப் பார்த்து இறுக்குங்கள். பின்னாளில் அழுக்கேறினால் துணியை மாற்றலாம், பெயின்ட் அடிக்கக் கூடாது. ஒரே பூச்சில் துளைகள் அடைந்துபோகும்.