கமர்ஷியல் இன்ஷூரன்ஸ் புரோக்கர் ஆகணுமா? பரீட்சை சுலபம், குடோன்தான் கஷ்டம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஃபயர் பாலிசி போட்டுக் கொடுக்கும் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். மாதத்துக்கு நாலு பேராவது போன் பண்ணி, "அண்ணா, நானும் புரோக்கர் ஆகணும், எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிடுகிறேன், இனி கேட்டால் லிங்க்தான் அனுப்புவேன். பைக், கார், ஹெல்த் பாலிசி விற்கிற கதை இதில் கிடையாது. ஃபாக்டரி, மெஷின், குடோனில் அடுக்கியிருக்கும் சரக்கு, இதுதான் விஷயம். பிரீமியம் என்றால் என்ன என்பதில் இருந்தெல்லாம் தொடங்கப் போவதில்லை.

முதல் படி: எந்த வாசல் வழியாக நுழைவது

ஏஜென்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள், அவர் சேர்ந்திருக்கும் கம்பெனியின் பாலிசியைத்தான் விற்க முடியும். புரோக்கர் பாலிசி எடுப்பவரின் ஆள், பல கம்பெனிகளிடம் ரேட் கேட்டு வாங்கி, கிளைம் வரும்போதும் அவர் பக்கம் உட்கார வேண்டியவர். ஆனால் சம்பளம் என்னவோ இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் புரோக்கரேஜில், அதாவது கமிஷனில் இருந்துதான் வருகிறது. இந்த முரண்பாடு முதல் நாளிலிருந்தே மண்டையில் இருக்கட்டும்.

பலரும் நேராக லைசென்ஸ் எடுப்பது பற்றித்தான் கேட்கிறார்கள். தனி ஆளாகப் போய் எடுக்க முடியாது, கம்பெனியோ எல்எல்பியோ கூட்டுறவுச் சங்கமோ வேண்டும். இன்ஷூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ-யின் 2018 புரோக்கர் விதிமுறைப்படி டைரக்ட் புரோக்கர் (நேராக கிளையன்ட்டுக்குப் பாலிசி வாங்கித் தருபவர்) ஆகவே 75 லட்சம் ரூபாய் மூலதனம். கையில் அவ்வளவு இருந்தால் நானே ஏன் வெயிலில் சுற்றப் போகிறேன். பிஓஎஸ்பி (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்) என்று ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு பாஸ், 15 மணி நேரப் பயிற்சி, ஒரு சின்ன தேர்வு, அவ்வளவுதான். ஆனால் அதில் விற்க முடிவதெல்லாம் முன்கூட்டியே வரையறுத்து வைத்த எளிய பாலிசிகள், ஒரு டையிங் ஃபாக்டரியின் தலைவலி அதற்குள் அடங்காது.

அதனால் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒரு புரோக்கர் கம்பெனியில் வேலைக்குச் சேருங்கள். சேல்ஸில் வேண்டாம், கிளைம் டிபார்ட்மென்ட் கிடைக்குமா என்று கெஞ்சியாவது கேளுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இன்சென்டிவும் இருக்காது. ஆனாலும் ஒரு வருஷம் சர்வே ரிப்போர்ட் (நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் எழுதுவது) படித்தவனுக்குத் தெரிவது, ஐந்து வருஷம் பாலிசி விற்றவனுக்குத் தெரியாது.

இரண்டாம் படி: பரீட்சை

புரோக்கர் கம்பெனியில் பிசினஸ் பேச, பயிற்சி முடித்துத் தேர்வு எழுத வேண்டும். பொதுவாகப் புனேயில் உள்ள தேசிய இன்ஷூரன்ஸ் அகாடமி நடத்துவது. ஒரு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் பாஸ். அதோடு நிறுத்தாமல் மும்பையில் உள்ள இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட், அசோசியேட் தேர்வுகளையும் மெதுவாக எழுதி வையுங்கள். கிளையன்ட் யாரும் அதைக் கேட்க மாட்டார், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க்கைப் பார்த்து ரேட் போடும் அண்டர்ரைட்டர் மதிப்பார்.

மூன்றாம் படி: ஒரு தொழிலைப் பிடியுங்கள்

எல்லாருக்கும் எல்லாம் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். கரூர்க்காரர் என்றால் வீட்டு ஜவுளி, ஆம்பூர் என்றால் தோல், நாமக்கல் என்றால் லாரி, கோழிப்பண்ணை. எனக்கு பனியன். நூல் வந்து நிட்டிங் போய், டையிங் போய், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று துணி ஊரைச் சுற்றி வருகிற பாதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் பஞ்சுத் தூசி சேரும், எந்த ஓனர் பனியன் வேஸ்ட்டை எலக்ட்ரிக் பேனலுக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருப்பார் என்று உள்ளே நுழையும்போதே கண் தேட வேண்டும்.

நான்காம் படி: சம் இன்ஷூர்டு (நான் அடிபட்ட இடம்)

சம் இன்ஷூர்டு என்றால் எவ்வளவுக்குப் பாலிசி போடுகிறோம் என்ற தொகை. இதை நிதானமாகப் படியுங்கள்.

2018-ல் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட். ஓனரிடம் சரக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அட, அதெல்லாம் பேங்க்லயே இருக்குதுங்க தம்பி, ஐம்பது லட்சம் லோன், ஐம்பதுக்கே போடுங்க" என்றார். நானும் சரி என்று 50 லட்சத்துக்கே போட்டேன். பேங்குக்கும் அது போதும், ஓனருக்குப் பிரீமியம் குறைவு, எனக்கு ஒரு பாலிசி சேர்ந்தது. எல்லாரும் சந்தோஷம்.

ஏழாவது மாதம் ராத்திரி ஷார்ட் சர்க்யூட். ஒரு மூலை ரேக் முழுக்க எரிந்தது, நஷ்டம் 20 லட்சம். பாலிசி 50 லட்சத்துக்கு இருக்கிறதே, 20 லட்சம் அப்படியே வந்துவிடும் என்று நானே ஓனரிடம் தைரியம் சொன்னேன். சர்வேயர் வந்தார், எரிந்ததைப் பார்ப்பதற்கு முன்னால் எரியாததை எண்ண ஆரம்பித்தார். பர்சேஸ் பில், ஸ்டாக் புத்தகம், டெலிவரி சலான் எல்லாம் போட்டுப் பார்த்ததில் தீப்பிடித்த அன்று அந்தக் குடோனில் இருந்த சரக்கு 80 லட்சம். சீசன் நேரம், ஷிப்மென்ட் கிளம்ப இரண்டு நாள்தான் பாக்கி.

கணக்கு இதுதான். 80 லட்சம் சரக்கை 50 லட்சத்துக்கு இன்ஷூர் செய்தால், மீதி 30 லட்சத்துக்கு ஓனரே இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். எந்த நஷ்டம் வந்தாலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். 20 லட்சத்தில் பன்னிரண்டரை லட்சம், அதிலும் எக்ஸஸ் (ஒவ்வொரு கிளைமிலும் ஓனரே ஏற்க வேண்டிய பகுதி) கழியும். இதைத்தான் ஆவரேஜ் என்கிறோம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் சரியான விடை எழுதியவன், கணக்கெல்லாம் நன்றாகவே போட்டேன். அந்த ஓனர் என்னைத் திட்டவில்லை. சர்வேயர் போன பிறகு டீ சொல்லிவிட்டு, "ஏனுங்க, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் பாலிசி வேறு ஆளிடம் போய்விட்டது.

அதற்குப் பிறகு லோன் தொகையை நான் கேட்பதே இல்லை. வருஷத்தில் எந்த மாதம் சரக்கு அதிகம் நிற்கும், அந்த மாதம் எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். பேங்குக்குக் கொடுக்கும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் வாங்கி, அதில் பெரியதை எடுத்துக்கொண்டு, அப்புறம் குடோனுக்கு நானே போய் ரேக்கை எண்ணுகிறேன். ஸ்டேட்மென்ட்டும் ரேக்கும் ஒத்துப்போன கம்பெனியை இதுவரை நான் அதிகம் பார்த்ததில்லை. சரக்கு ரொம்ப ஏறி இறங்கும் என்றால் டிக்ளரேஷன் பாலிசி, நாலு இடத்தில் மாறி மாறி இருக்கும் என்றால் ஃப்ளோட்டர் பாலிசி பற்றி விசாரியுங்கள். மெஷினுக்குப் புதுசு வாங்கும் விலை, அதாவது ரீஇன்ஸ்டேட்மென்ட் மதிப்பு. ஆடிட்டர் தேய்மானம் கழித்து பேலன்ஸ் ஷீட்டில் வைத்திருக்கும் எண்ணை எடுத்துப் போட்டால் இதே ஆவரேஜ் மெஷினிலும் வெட்டும்.

2021 ஏப்ரலில் இருந்து சின்ன கம்பெனிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம். ஒரு இடத்தில் மொத்தச் சொத்து 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 முதல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்ற பாலிசிகள். இரண்டிலும் 15 சதவீதம் வரை குறைவாக இன்ஷூர் செய்திருந்தால் கண்டுகொள்வதில்லை. என் 2018 கேஸில் குறைவு முப்பத்தேழரை சதவீதம், இன்றைக்கு நடந்திருந்தாலும் தப்பியிருக்காது.

கருவிகள் பற்றிக் கேட்பீர்கள். ஒரு நீள நோட்டு, ஒரு டேப், நேரமும் இடமும் படத்திலேயே பதிகிற போன் கேமரா. சிஆர்எம் ஆப் எல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், 200 கிளையன்ட் வரை எக்ஸெல் போதும். ரேட் பேசுவதை மட்டும் வாட்ஸ்அப்பில் செய்யாதீர்கள், ஈமெயிலில் இருக்கட்டும். போனை மாற்றினால் வாட்ஸ்அப் பேச்சு போய்விடலாம், கிளைம் தகராறு மூன்று வருஷம் கழித்தும் வரும்.

ஐந்தாம் படி: ரேட் வாங்குவதும் பணம் கட்டுவதும்

கிளையன்ட்டிடம் மேண்டேட் லெட்டர் (தனக்காக ரேட் கேட்கலாம் என்று அவர் தரும் கடிதம்) வாங்காமல் எந்தக் கம்பெனியிடமும் ரேட் கேட்காதீர்கள். இன்னொரு புரோக்கர் அதே பெயரைக் கொண்டுபோய் நின்றால் இரண்டு பேர் மானமும் போகும். ஒரு கோட் மட்டும் மற்றதைவிட நன்றாகக் குறைந்து வந்தால் சந்தோஷப்படாமல் புயல், வெள்ளம் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில் அதை வேண்டாம் என்று நீக்கிப் பிரீமியத்தைக் குறைக்கலாம். நொய்யல் ஓரத்துக் கம்பெனிக்கு அப்படிப் போட்டுக் கொடுத்த புண்ணியவான்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் வந்து சேர்ந்தால்தான் ரிஸ்க் தொடங்கும். "திங்கக்கிழமை செக் தர்றேன், நீங்க பாலிசி போடுங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை. பணத்தை நேராக இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் கணக்கு வழியாக வேண்டாம். அதே சட்டத்தின் 41-ம் பிரிவு, கமிஷனில் பங்கு தருவதைத் தடை செய்கிறது. "எனக்கு எவ்வளவு விடுவீங்க?" என்று எல்லா ஓனரும் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லப் பழகுங்கள், நாலில் ஒருவர் போய்விடுவார்.

பின்சேர்க்கை: காம்பேக்டிங் யூனிட்டுகளைப் பார்க்கும் ஒருவர் கமென்ட்டில் கேட்ட பிறகுதான் உறைத்தது, இதை எழுதாமலே விட்டிருக்கிறேன். ஜாப் ஒர்க் இடத்தில் இருக்கும் துணி அந்த யூனிட் ஓனருடையதே இல்லை, எக்ஸ்போர்ட்டர்களுடையது. ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில் அடுத்தவர் சரக்கு என்று தனியாகக் குறிப்பிடாமல் அது கவர் ஆகாது. அதற்கென்று ஒரு வரியும் தனித் தொகையும் போடுங்கள், தொகைக்கு டெலிவரி சலான் ரிஜிஸ்டரைப் பாருங்கள். துணிக்குச் சொந்தக்காரர் தன் பாலிசியிலேயே இந்த இடத்தைச் சேர்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் "அவங்க போட்டிருப்பாங்க" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரக்கு எரிந்துபோனால் அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் சரக்குத் தொகையை ஜிஎஸ்டி சேர்த்தே போடுகிறேன். உங்கள் கிளையன்ட்டின் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாலிசி கைக்கு வந்ததும் முதலில் முகவரியைப் படியுங்கள். திருப்பூரில் ஒரே காம்பவுண்டுக்குள் பழைய சர்வே நம்பர், புது கதவு எண், வாடகைக்கு எடுத்த பக்கத்து ஷெட் என்று மூன்று இருக்கும், சரக்கு மூன்றாவதில் இருக்கும், பாலிசியில் முதலாவது இருக்கும். போன மாதம்கூட ஒரு பாலிசியில் பிரித்துப் பார்த்தால் ஓனரின் வீட்டு முகவரி. அன்று சாயங்காலமே எண்டார்ஸ்மென்ட் கேட்டு மெயில் போட்டேன், மூன்றாம் நாள் திருத்தி வந்தது.