திரையில் 4.2 டிகிரி: மோட்பஸ் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு முழுவதும் கணினித் திரை 4.2 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே 11. சென்சாரில் பழுதில்லை. தொடர்பு நள்ளிரவிலேயே அறுந்துவிட்டது. கடைசியாக வந்த எண்ணை மென்பொருள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து இயந்திரங்களைக் கண்காணிப்பதில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். பதில் தராத கருவியின் எண் திரையில் நிறம் மாற வேண்டும், அது எப்போது வந்த எண் என்ற நேரமும் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

தொடர்பு ஏன் அறுந்தது? வழக்கம்போல கேபிள்தான். கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழியான, 1979இல் வந்த மோட்பஸை இன்றும் பெரும்பாலான மீட்டர்களும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் ஆர்எஸ்-485 என்ற இரட்டைக் கம்பியில்தான் பேசுகின்றன. கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போக வேண்டும். விளக்கு ஒயரிங் செய்து பழகிய கை, நடுவில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கமும் கிளை பிரித்துவிடும். கிளை முனைகளில் சிக்னல் மோதித் திரும்பி, பின்னால் வருவதைக் கெடுக்கும். வரிசையின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் மின்தடை போட வேண்டும். எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கும் குறுக்கே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓமை ஒட்டி இருந்தால் சரி. 120 என்றால் ஒரு கோடியில் விட்டுப்போயிருக்கிறது; 40 என்றால் யாரோ நடுவிலும் ஒன்றைச் செருகியிருக்கிறார். மின் இரைச்சல் தரும் மோட்டார் கேபிள் போகும் டிரேயிலேயே இதையும் ஓட்டுவதைப் பற்றி என்ன சொல்ல, இன்னும் செய்கிறார்கள்.

புதிய மீட்டர்கள் பல, பெட்டியிலிருந்து வரும்போதே முகவரி (கணினி அந்தக் கருவியை அழைக்கும் எண்) 1 உடன் வரும். மாற்றாமல் இரண்டை இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் புரியாது.

கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் பதிவேடு (கருவிக்குள் ஒரு மதிப்பு இருக்கும் இடம்), கம்பியில் 0 என்ற எண்ணோடு போகிறது. இந்த ஒன்றின் வித்தியாசத்தில் வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். தசம எண்கள் இரண்டு பதிவேடுகளில் பிரிந்து வருவது இன்னொரு பொறி. 50 ஹெர்ட்ஸ் என்பது, கணினிகள் பயன்படுத்தும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எழுத்தில் 4248, 0000 என்று வரும். அதை முன்பின் மாற்றிப் படித்தால் திரையில் 0.00. மீட்டரின் முகப்பில் தெரியும் எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்காமல் தளத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.

கட்டுப்பாடு என்று வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டுமா, அதே வேகத்தில் ஓட வேண்டுமா? டிரைவில் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கும். தொடாமல் விட்டால் தயாரிப்பாளர் வைத்ததுதான் நடக்கும். புகைபோக்கி விசிறிக்கும் கன்வேயருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

வழக்கமான மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. அதை நேரடியாக இணையத்தில் திறந்துவைத்தால் கேட்பவர் யாராக இருந்தாலும் கருவி கீழ்ப்படியும். மோட்பஸைத் தாண்டியும் இதே கதைதான். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா குடிநீர் அமைப்பின் ஒரு பிஎல்சியை (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஊடுருவிகள் கைப்பற்றினார்கள். அந்த வகைக் கருவியின் ஆரம்பக் கடவுச்சொல் 1111. ஊழியர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாறிச் சமாளித்தார்கள். இனி எல்லாம் தொலைவிலிருந்துதானே என்று பேனலில் உள்ள ஆட்டோ–மேனுவல் சுவிட்சைக் கழற்றிவிடாதீர்கள்.