நாயின் காதுத் தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நாம் செய்யும் தவறுகள்

நாய் தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைச் சொறிகிறது, கிட்டே போனால் வாடை அடிக்கிறது. இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்களுக்குக் கை தானாக அலமாரிக்குப் போகும். போன தடவை மீந்த சொட்டு மருந்து அங்கேதான் இருக்கும். அதை எடுத்துக் காதில் விடுவதுதான் முதல் தவறு.

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் கிருமி வேறாக இருக்கலாம். மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்கு ஒரு மருந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. நாள்பட்ட காதில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறிவிட்டால் வழக்கமான மருந்துகள் பலவும் அதனிடம் பலிக்காது. காதழுக்கைப் பஞ்சில் எடுத்து, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய மருந்தை ஊற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருப்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது கிழிந்திருந்தால், ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்), குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) போன்றவை நடுக்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும். செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று மருத்துவர் கருவி வைத்துப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

மூன்றாம் நாள் சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான காதுச் சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பையும் வீக்கத்தையும் அது சீக்கிரம் அடக்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும். சொன்ன நாள்வரை மருந்தைத் தொடர்ந்து ஊற்றி, மறுபடி சோதித்து, காது சுத்தம் என்று மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். அளவிலும் கோட்டை விடுகிறோம். பெரிய நாய்க்கு இரண்டு சொட்டு விட்டால் அது காது வாசலில் இருக்கும் முடியிலேயே ஒட்டிக்கொள்ளும், திருப்பம்வரை போகாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒவ்வொரு முறையும் அதைப் புது நோயாக நினைப்பது. தொங்கும் காதும் தண்ணீரில் குளிப்பதும் தொற்றுக்கு இடம் கொடுக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் அடியில் இருப்பது அலர்ஜி. அலர்ஜியால் காதின் உட்தோல் சிவந்து வீங்கி ஈரமாகிறது. அங்கே எப்போதும் இருக்கும் கிருமிகள் அந்த ஈரத்தில் பெருகுகின்றன. கிருமியை மட்டும் கொன்றால் தோல் மறுபடி வீங்கும், கிருமியும் மறுபடி வரும். நாய் பாதங்களை நக்குகிறதா, அக்குளிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கிறதா, இரண்டு காதுமே பாதிக்கப்படுகின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால் அலர்ஜியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஒரே காதில் மட்டும் திரும்ப வந்தால் உள்ளே புல்விதை சிக்கியிருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். வயதான நாய்க்குத் தைராய்டு குறைபாட்டையும் பார்க்க வேண்டும்.

உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்பிப் பயனில்லை. நாய் இதுவரை சாப்பிடாத ஒரே புரதத்தையோ, மருத்துவர் பரிந்துரைக்கும் பிரத்தியேக உணவையோ குறைந்தது 8 வாரம், வேறெதுவும் இல்லாமல் அதை மட்டுமே கொடுத்துப் பார்ப்பதே வழி. நடுவில் ஒரு பிஸ்கட், இறைச்சிச் சுவையூட்டிய ஒரு மாத்திரை கொடுத்தாலும் முயற்சி வீணாகிவிடும். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்காமல் இது நடக்காது. காது தேறியதும் பழைய உணவைத் திருப்பிக் கொடுத்து, அரிப்பு மறுபடி வருகிறதா என்று பார்த்தால்தான் விடை உறுதியாகும்.

சுத்தம் செய்வதில் நம் அக்கறையே சில சமயம் கெடுதல் செய்கிறது. பட்ஸ் குச்சி அழுக்கை உள்ளே தள்ளுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புண்ணான தோலை எரிக்கும். நாய்க்கான காது சுத்திகரிப்புத் திரவத்தைத் தாராளமாக விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்து, நாய் உதற விட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். நல்ல காதைத் தினமும் கழுவினால் தோல் ஊறிப்போகும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காது மடல் பந்துபோல் வீங்கினாலோ அன்றே காட்டுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால் குழாய் தடித்து, சுருங்கி, கல்போல இறுகிவிடும். அந்நிலையில் காதுக்குழாயையே அறுவை சிகிச்சையில் அகற்ற வேண்டிவரும்.

காதைத் தொட்டதும் உறுமும் நாயை அதட்டாதீர்கள். காது அவ்வளவு வலிக்கிறது. அதைப் பிடித்து அமுக்கி மருந்து விட்டால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே ஓடி ஒளியும். முதலில் வலிக்கு மருந்து கேளுங்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துக் காதை ஒருமுறை ஆழமாகக் கழுவச் சொல்லுங்கள்.