தஞ்சாவூரில் மழையிலும் பனியிலும் பஸ் பிடிக்க

ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் தஞ்சாவூரில் வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் எந்தப் பேருந்து நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் புதிய நிலையத்தில்தான், அது ஊரைத் தாண்டி இருக்கிறது, பழைய நிலையத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் போக வேண்டும், மழை நாளில் அதற்கென்றே அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் போவதானால் ரயில் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். ஜங்ஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நனைவதும் குறைவு.

வடகிழக்குப் பருவமழையில் வாட்ஸ்அப் வதந்தியை நம்பாதீர்கள். வானிலைத் துறை மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எச்சரிக்கை தருகிறது, அது போதும். தோல் செருப்பு வேண்டாம்.

அப்புறம் பனி. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவில் ஈர வயல்மேல் பனிமூட்டம் இறங்கும், வெயில் ஏறினால்தான் கலையும். பைக்கில் போகிறவர்கள் ஹைபீம் போடாதீர்கள், அந்த வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். டிம்மில் மெதுவாகப் போங்கள். தை மாதம் சம்பா அறுவடை வேறு: பின்விளக்கே இல்லாத டிராக்டர், ரோட்டிலேயே காயப்போட்ட நெல், அதன் ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்த கல். எனக்குப் பனியைவிட அந்தக் கல்தான் பயம். அவசரமில்லை என்றால் எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள்.